மூன்றாவது ஜெபம்

ஆகஸ்ட் 4

அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். மாநாடு முடிந்து நேற்று கல்லூரி விடுதிக்குத் திரும்பிவிட்டேன். எல்லாம் நல்லபடியாக நடந்தது. பல தேசத்து மாணவர்கள் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்குக் குறையில்லை. இங்கே இப்போதுதான் குளிர்காலம்; நீங்கள் வாங்கிக் கொடுத்த கம்பளிச் சட்டை குளிருக்குப் போதுமானதாக இருந்தது.

முதல் நாள் கூட்டத்தில் சிலர் அவரவர் மொழியில் ஜெபித்ததை ஒலிப்பதிவு செய்தார்கள். அந்தந்தச் சபைக்குக் கேசட் அனுப்பப் போகிறார்களாம். எங்கள் முறை வந்தபோது இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று கேள்விப்பட்டேன். ஒரே இரைச்சலாகத்தான் இருக்கும். ஆகவே அதைச் சபையில் போட்டு எல்லோருடைய நேரத்தையும் வீணாக்க வேண்டாம். வந்தால் அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள். பிரிக்கக்கூட வேண்டாம்.

நாளை விடியற்காலையில் மாட்டுத் தொழுவத்தில் எனக்கு முறை. சீக்கிரம் படுக்க வேண்டும்.

உங்கள் மகள்

பி.கு. பிரிக்க வேண்டாம் என்று எழுதியிருப்பதை மறந்துவிடாதீர்கள்.


ஆகஸ்ட் 15

மகளே,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக.

கால்நடை மருத்துவம் படிக்கிற பெண், ஒரு வருஷப் பரிமாற்றப் படிப்பு என்று கடல் கடந்து போகிறாள். போன இடத்தில் பெரிய கிறிஸ்தவ மாணவர் மாநாடு ஒன்றுக்கு அழைக்கப்படுகிறாள். போய்வந்து அப்பனுக்கு அவள் எழுதியது உள்ளங்கை அகலம். அதிலும் பாதி கம்பளிச் சட்டை.

நான் போதகனாகக் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் மனிதர்களின் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவன். உண்மை பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார்கள். நீ பிரிக்க வேண்டாம் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய்.

போன வாரம் சபை அலுவலகத்துக்கு வெளிநாட்டிலிருந்து போன் வந்ததாம். பொருளாளர் எடுத்தாராம். "அப்பா இல்லையா அங்கிள்? சரி, ஒண்ணுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாயாம். "சும்மா கூப்பிடறதுக்கு அது என்ன பக்கத்துத் தெருவா ஐயா?" என்று அவர் என்னைக் கேட்கிறார்.

கேசட் இன்னும் வரவில்லை. வந்ததும் ஆராதனை முடிந்த பிறகு எல்லோருமாக உட்கார்ந்து கேட்கலாம் என்று அறிவித்துவிட்டேன். உன் அம்மாவின் சிநேகிதி தையல்காரம்மா, "பிள்ளை குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு" என்று என்னை வழிமறித்துக் கேட்டார். இரைச்சல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நடுவில் உன் குரலும் இருக்குமல்லவா? ஜெபிக்கத் தெரிந்த பெண் என்று உன்னைப் பரிந்துரைத்து அந்த மாநாட்டுக்கு எழுதியவன் நான். என்ன விதைத்தேன் என்று எனக்கும் தெரிய வேண்டாமா?

அங்கே காலடி வைத்தது முதல் அன்று படுக்கப்போனது வரை, முதல் நாளை மட்டுமாவது ஒழுங்காக எழுது. ஏதாவது தப்பு நடந்ததா? யாராவது உன்னை ஏதாவது சொன்னார்களா?

உன் தகப்பன்


ஆகஸ்ட் 25

அப்பா,

உங்கள் கடிதம் இன்று காலையில்தான் கைக்குக் கிடைத்தது. வகுப்புக்குப் போகாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இது வந்து சேர்வதற்குள் கேசட் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இது முந்திக்கொண்டால், கடைசி வரை படித்துவிட்டு, பிறகு அதை என்ன செய்வதென்று முடிவு செய்யுங்கள். இயந்திரக் கோளாறு ஒன்றும் இல்லை. பதிவு துல்லியமாக இருக்கிறது. அதுதான் பிரச்சினையே.

மாநாடு நடந்த இடம், விடுமுறைக்கு மூடிக்கிடந்த ஒரு தங்கும் பள்ளிக்கூடம். பஸ் எங்களை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. மற்றவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஏற்கனவே தெரிந்தவர்கள் போலச் சிரித்தார்கள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலில் மேசை போட்டு நெஞ்சில் குத்திக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். திருத்தச் சொல்ல வாய் வரவில்லை. அன்று முழுக்க வேறு யாருடைய பெயருக்கோ திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கொடுத்த அறையில் நான்கு இரும்புக் கட்டில்கள். ஒன்றில் ஒரு பெண் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரிந்தன. கடைசி வரை அவளை நான் மனதுக்குள் கம்பளி என்றுதான் கூப்பிட்டேன். "உன் ஊருலயும் இப்படித்தான் குளிருமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ நீயும் செத்த" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஒரு பேச்சுதான் அன்று எனக்குப் புரிந்தது போல இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களைச் சின்னச் சின்னக் குழுவாக வட்டமாக உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராகத் தன் வாழ்க்கையில் கடவுள் செய்ததைச் சொல்ல வேண்டும். ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள். இறையியல் படிக்கிற ஒருவன் புத்தகம் வாசிப்பது போலச் சொன்னான். என் முறை வருவதற்குள் எழுந்து, கழிப்பறைக்குப் போகிறேன் என்று கையால் காட்டிவிட்டு வந்துவிட்டேன். அங்கே கதவைத் தாழ்போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வெளியே விசில் சத்தம் கேட்டது. மாநாட்டை நடத்தும் அம்மாள் கழுத்தில் விசில் மாட்டியிருப்பார். கையில் அட்டையோடு எனக்காகக் காத்திருந்தார்.

"உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். சாயங்காலக் கூட்டத்துல அஞ்சு பேரு அவங்கவங்க மொழியில ஜெபம் பண்றாங்க. நீ மூணாவது. உங்க அப்பா ரொம்ப நல்லா எழுதியிருந்தாரு."

சரி என்று தலையாட்டினேன். நேரே அறைக்குப் போனேன், பெட்டியை எடுத்தேன், வாசலைப் பார்த்து நடந்தேன். ஆமாம், ஓடிப்போகத்தான் போனேன் அப்பா. பெட்டிச் சக்கரம் சரளைக் கல்லில் ஓடவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினேன். ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது, ஒரு ஆள்கூட இல்லை. தபால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "இன்னைக்கு பஸ் கிடையாதும்மா, நாளைக்குத்தான்" என்றார். இரண்டு பக்கமும் வெறும் ரோடு. நடந்தால் எங்கே போய்ச் சேர்வேன் என்று தெரியாது. திரும்பிப் போனால் மேடை. பசுவின் வயிற்றுக்குள் தோள் வரை கையை விட்டு, கோணலாக நின்ற கன்றின் காலைத் தேடியிருக்கிறேன். மிரண்ட குதிரைக்கு ஊசி போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத நடுக்கம் அந்த நிறுத்தத்தில் வந்தது. பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். மேடைப் பயம் இல்லை. அம்மா போனதிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை அப்பா. ஒரு வார்த்தைகூட. வீட்டில் சாப்பாட்டு மேசையில் உங்கள் எதிரே கண்ணை மூடி, வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஒரு வருஷம் சாப்பிட்டேன்.

கம்பளிதான் என்னைத் தேடி வந்தாள். கம்பளியைப் போர்த்தியபடியே ரோடு வரை வந்திருந்தாள். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். நான் மறுபக்கத்தைப் பிடித்தேன்.

மாலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. முதலில் ஒருவன், பிறகு ஒருத்தி. அவர்கள் பேசியது எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது: நான் பேசுவதும் இங்கே யாருக்கும் புரியாது. எதையாவது தமிழில் சொல்லிவிட்டு ஆமென் என்று முடித்தால் போதும். எண்களைச் சொல்லலாம், மாட்டின் எலும்புகளின் பெயரைச் சொல்லலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். ஒலிபெருக்கியில் என் மூச்சு பெரிதாகக் கேட்டது. வாயைத் திறந்தால் வேறு ஒன்று வந்தது. நீங்கள் கேசட்டில் கேட்பதற்குமுன் நானே எழுதிவிடுகிறேன்.

"அம்மா... அம்மா, எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலைம்மா. இவங்க எல்லாரும் நான் ஜெபம் பண்றேன்னு நினைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நீ போனதுக்கு அப்புறம் எனக்கு ஜெபமே வரலை. வீட்டுல வாயை மட்டும் அசைக்கிறேன். அப்பாகிட்ட சொல்லப் பயமா இருக்கு. அவரு உன் துணியெல்லாம் அந்த வாரமே மூட்டை கட்டிக் குடுத்துட்டாரு. உன் பேச்சை எடுத்தா எந்திரிச்சுப் போயிடறாரு. அவருக்கு உன் ஞாபகம் இருக்கா இல்லையான்னே தெரியலை. நீ எங்கம்மா இருக்க? நல்லா இருக்கியா? எனக்கு இங்க பயமா இருக்கும்மா. ஆமென்."

மண்டபம் முழுக்க "ஆமென்" என்றது.

மேடையை விட்டு இறங்கியதும், காதில் ஹெட்போன் மாட்டியிருந்த மாணவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். "பிரமாதம். உன்னோடதுதான் ரொம்பத் தெளிவா பதிவாகியிருக்கு. உங்க சபைக்கு ஒண்ணு போகும்." அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. யாருக்கும் தன்னோட குரல் பிடிக்காது" என்று சிரித்தான். விசிலம்மாவிடம் போனேன். அவர் என் கன்னத்தைத் தட்டி, எத்தனை உருக்கமான ஜெபம் என்றார். என்ன பேசினேன் என்று சொன்னால்தானே அழிக்கச் சொல்ல முடியும்? அறைக்குத் திரும்பிவிட்டேன்.

இன்னும் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டு மேசையில் கம்பளி, "நீ அடிக்கடி அம்மா அம்மான்னு சொன்னியே, அது உங்க மொழியில கடவுளோட பேரா?" என்று கேட்டாள். பயத்தில் ஆமாம் என்றுவிட்டேன். இறையியல் மாணவன் உடனே, அது வேதத்தில் பிதாவைக் கூப்பிடும் 'அப்பா' என்ற சொல்லுக்கு உறவுச் சொல் என்று விளக்கம் கொடுத்தான். எங்கள் மேசையில் எல்லோரும் கை கோத்துக்கொண்டு "அம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. மாநாடு முடியும் வரை வேளாவேளைக்கு இதுவே நடந்தது. கடைசி நாள் பஸ் ஏறுமுன் கம்பளியிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியும். ரெண்டாம் நாளே தெரியும். தப்பா ஒண்ணும் சொல்லிடலையே நாம" என்றாள்.

அவளுக்கு அது சரி. நம் சபைக்கு? போதகரின் மகள் வெளிநாட்டு மேடையில் நின்று செத்துப்போனவளிடம் ஜெபித்தாள் என்று பேசுவார்கள். உங்களை என்ன கேட்பார்கள்?

தயவுசெய்து போடாதீர்கள் அப்பா. நீங்கள் மட்டும் கேட்டாலும் பரவாயில்லை. இல்லை, நீங்களும் கேட்க வேண்டாம். நான் எழுதியதே போதும்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 28

மகளே,

கேசட் வந்தது. இன்று ஆராதனைக்குப் பிறகு போட்டோம்.

உன் கடிதம் எதுவும் இன்னும் வரவில்லை. நீ எழுதியிருப்பாய் என்று இப்போது தெரிகிறது.

என்னால் இதற்குமேல் எழுத முடியவில்லை.


செப்டம்பர் 7

அப்பா,

இப்படி ஒரு கடிதம் எழுதலாமா? "போட்டோம்" என்றால் என்ன அர்த்தம்? எல்லோரும் கேட்டார்களா? யார் யார் இருந்தார்கள்? கையெழுத்துக்கூடப் போடவில்லை நீங்கள். இதற்குமுன் உங்கள் கையெழுத்து இல்லாத கடிதம் எனக்கு வந்ததே இல்லை.

மூன்று தரம் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மூன்று தரமும் பொருளாளர்தான் எடுத்தார். கடைசித் தடவை, "ஐயா இப்ப ஆபீசுக்கு வர்றதில்லைம்மா" என்றார். ஏன் என்று கேட்டேன். "அவரே எழுதுவாரு" என்று வைத்துவிட்டார். ஏன் வருவதில்லை? உடம்புக்கு என்ன? கோபத்தில் இருக்கிறீர்களா, படுத்துக் கிடக்கிறீர்களா, யார் சமைக்கிறார்கள்?

நேற்று ஒரு ஆட்டுக்குத் தையல் போட வேண்டியிருந்தது. இரண்டு தடவை தப்பாகக் குத்தியதைப் பார்த்துப் பேராசிரியர் ஊசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். தபால் பெட்டியைப் பார்க்கப் போவதற்கே பயமாக இருக்கிறது. போகாமலும் இருக்க முடியவில்லை.

திட்டுங்கள். என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.


செப்டம்பர் 19

மகளே,

உடம்புக்கு ஒன்றுமில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள். தையல்காரம்மா வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது. உன் நீண்ட கடிதமும் கிடைத்தது, அடுத்ததும் கிடைத்தது. உன்னைத் தவிக்கவிட்டது தப்புதான். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். ஆராதனை முடிந்து ஒருவரும் எழுந்து போகவில்லை. பீடத்துக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு டேப் ரெக்கார்டரை வைத்திருந்தோம். முதல் இரண்டு ஜெபமும் புரியாத மொழியில் ஓடின. ஜனங்கள் மரியாதைக்குத் தலை குனிந்திருந்தார்கள். மூன்றாவதாக ஒரு மூச்சுச் சத்தம். பிறகு "அம்மா" என்றாய். அம்மாவைப் பற்றிச் சாட்சி சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வாயை மட்டும் அசைக்கிறேன் என்று வந்தபோது பொருளாளர் எழுந்து வந்து, பொத்தானை அமுக்கக் கை நீட்டினார். அவர் கெட்டவர் இல்லை, எனக்காகப் பயந்துபோன மனிதர். பின்வரிசையிலிருந்து தையல்காரம்மாவின் குரல் கேட்டது: "விடுங்க சார். பிள்ளை அவ அம்மாகிட்ட பேசிக்கிட்டிருக்கா. நடுவுல நிறுத்தாதீங்க." நான் பொருளாளரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். உன் குரல் முடியும் வரை விடவில்லை. பிடித்தது அவரைத் தடுப்பதற்கா, நான் விழாமல் இருப்பதற்கா என்று எனக்கே தெரியவில்லை.

கேசட்டில் அந்த மண்டபம் சொன்ன ஆமென் பெரிதாகக் கேட்டது. நம் சபையில் சிலர் சொன்னார்கள். சிலர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆசீர்வாதம் கூறி அனுப்ப வேண்டியவன் நான். ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைகள். வாயைத் திறந்தேன், வரவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தை, உன் பஸ் நிறுத்தத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன். கடைசியில், "எனக்கும் வரலை. அவ போனதுலேர்ந்து எனக்கும் வரலை" என்று சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாக வெளியே போனேன். அங்கியைக்கூடக் கழற்றவில்லை. தெருவில் எல்லோரும் பார்க்க, அங்கியோடு வீட்டுக்கு நடந்தேன்.

நீ வாயை அசைத்துக்கொண்டிருந்தாய் என்று எழுதியிருக்கிறாய். நான் அதைப் பார்க்கவே இல்லை. எப்படிப் பார்ப்பேன்? நீ கண்ணை மூடுவதற்கு முன் நான் மூடிக்கொள்வேன், என் முகத்தை நீ பார்த்துவிடக் கூடாது என்று. நான் சத்தமாகச் சொன்னது எல்லாம் பழைய ஜெபங்கள். பாடம் ஒப்பிப்பது போல. இந்தப் பரிமாற்றப் படிப்பு வந்தபோது போ போ என்று உன்னைத் துரத்தினேனே, அது படிப்புக்காக மட்டும் இல்லை. அந்த மேசையில் உன் எதிரே உட்கார எனக்குப் பயமாக இருந்தது.

அம்மாவின் துணிகளைப் பற்றிச் சொன்னாய். அலமாரியைத் திறந்தால் அவள் வாசம் வந்தது. அதனால்தான். ஆனால் எனக்கு அவள் ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை என்றாயே, அது மட்டும்தான் வலித்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் அல்லவா? நான் வீட்டில் பிரசங்கம் மாதிரி ஏதாவது ஆரம்பித்தால், "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். கால் மணி நேரம் கழித்து வந்து, "சொல்லுங்க, இணைப்பு கிடைச்சிருச்சு" என்பாள். அதற்குள் எனக்குச் சொல்ல வந்தது மறந்திருக்கும். இதை நான் உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் உடைந்துவிடுவேன் என்று எழுந்து எழுந்து போனேன்.

இப்போது நிலைமையைச் சொல்ல வேண்டும். சபைக் கமிட்டி கூடியது. இறந்தவர்களிடம் ஜெபிப்பது நம் போதனைக்கு விரோதம் என்கிறார்கள். அது சரிதான், நானே அதைப் போதித்தவன். நீ ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும், அதைச் சபையில் வாசிப்பார்கள். நானும், துக்கத்தில் வாய் தவறிப் பேசிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் விஷயம் இதோடு முடியும். இல்லையென்றால் பேராயருக்கு எழுதுவார்கள். அதுவரை நான் பீடம் ஏறக் கூடாது. இந்த வீடும் சபையுடையது என்பது உனக்குத் தெரியும்.

எழுதாதே என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுது என்று சொல்லவும் வாய் வரவில்லை. பயந்துபோய் மட்டும் எழுதிவிடாதே.

உன் அப்பா


செப்டம்பர் 30

அப்பா,

இதைப் படித்துவிட்டு உங்களுக்குக் கோபம் வருமோ, என் மேல் இரக்கம் வருமோ தெரியவில்லை. இப்போது இரண்டுக்கும் எனக்குப் பயமில்லை. வீட்டை நினைத்தால்தான் பயம்.

கமிட்டிக்கு ஒரு கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை, படித்துப் பாருங்கள். அம்மாவிடம் பேசியதற்கு அதில் மன்னிப்புக் கேட்கவில்லை. பயந்துபோன பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டது, அது போதனை அல்ல, அதை யாரும் பின்பற்றச் சொல்லவும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் அவர்களோடு உட்கார்ந்து ஜெபிப்பது போல நடித்தேனே, அதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அதுதான் பொய். அந்த மேடையில் பேசியது பொய் இல்லை. என் அப்பா சொன்னதும் வாய் தவறியது இல்லை என்று கடைசி வரியில் எழுதினேன். அந்த வரியை எழுதும்போது கை வேர்த்துத் தாள் ஈரமாகிவிட்டது. வேண்டாம் என்று தோன்றினால் அந்த வரியை நீங்கள் அடித்துவிடலாம். உங்கள் வேலை, உங்கள் வீடு. எனக்கு அதில் அதிகாரம் இல்லை.

டிசம்பரில் விடுமுறை வருகிறது. நான் வருகிறேன். என்ன கேட்க வேண்டுமோ அதை அவர்கள் என்னை நேரில் கேட்கட்டும். மேடையில் நிற்க வைத்தால் முழங்கால் ஆடும். ஆடட்டும்.

அம்மாவைப் பற்றி இன்னும் எழுதுங்கள். "லைன்ல இருங்க" என்று படித்ததும் விடுதியில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். பிறகு வெகுநேரம் அழுதேன். கம்பளிக்கும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மகள்


நவம்பர் 3

மகளே,

உன் கடிதத்தில் ஒரு வரியையும் அடிக்கவில்லை.

அது வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொருளாளர் அதை வாசித்தார். நான் ஜனங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷமும் பீடத்தில் நின்று பேசியே பழகியவன், அதை எதிரே பார்த்து உட்காருவது விசித்திரமாக இருந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. கடைசி வரி வந்ததும் பொருளாளர் நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அதையும் வாசித்தார். முடிந்ததும் எல்லோரும் எழுந்து வெளியே நடந்தார்கள். வாசலில், எனக்குப் பின்னால் வந்த ஒருவர், அவரை எனக்கு அவ்வளவாகப் பழக்கம்கூட இல்லை, என் தோளைத் தொட்டு, "எம் மகன் போனப்ப எனக்கும் அப்படித்தாங்க ஐயா, யார்கிட்டயும் சொன்னதில்லை" என்றார். அவர் மகனை அடக்கம் செய்தவன் நான். கல்லறையில் அவருக்கு ஆறுதல் சொன்னவன் நான். என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இருந்தாலும் கமிட்டி எழுதிவிட்டது. பேராயர் என்னை அழைத்து நிதானமாகவே பேசினார். என்னை நீக்கவில்லை, ஆனால் இங்கே வைத்திருக்கவும் இல்லை. வருஷக் கடைசிக்குள் வேறு ஊருக்கு, சின்னச் சபை ஒன்றுக்கு மாற்றம். எந்த ஊர் என்று இன்னும் சொல்லவில்லை. இந்த வயதில் புது ஜனங்கள் முன்னால் நின்று என்ன பேசப் போகிறேன் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. பழைய பிரசங்கங்களை மூட்டை கட்டும்போது தூக்கிப் போட்டுவிடலாமா என்று பார்க்கிறேன். அப்புறம் வெறுங்கையோடு நிற்பேன். அதுவும் பயமாக இருக்கிறது.

சாமான்களைக் கட்டத் தையல்காரம்மாவும் பொருளாளரும் தினம் வருகிறார்கள். ஆமாம், பொருளாளரும்தான். பாத்திரங்களைத் தாளில் சுற்றி அடுக்குகிறார். நேற்று அவர்கள் போன பிறகு தனியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். பழைய ஜெபத்தைச் சொல்லவில்லை. பிள்ளை டிசம்பரில் வருகிறாள், எந்த ஊருக்கு, எந்த வீட்டுக்கு என்று எனக்கே தெரியவில்லை, பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே, சரியாக எனக்கும் தெரியாது. சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். சாப்பாடு இறங்கியது.

விலாசம் தெரிந்ததும் எழுதுகிறேன். நீ டிக்கெட்டை எடுத்துவிடு.

அப்பா